மணி அடித்தால் எங்கே ஓடுவது

நான் வேலை செய்த ஆஸ்பத்திரி வாட்டின் வெளிக்கதவில் இப்போது புத்தக அலுமாரிப் படம் ஒட்டியிருக்கிறார்களாம். கதவு கதவாகத் தெரியாவிட்டால் மறதி நோயாளர்கள் வெளியே போக நினைக்கமாட்டார்களாம். என்னோடு வேலை செய்த பிள்ளை ஒருத்தி படம் பிடித்து அனுப்பி, "எப்பிடி இருக்கு அங்கிள்?" என்று கேட்டிருந்தாள். நல்ல வடிவான அலுமாரிதான். தட்டு நிறையத் தோல் அட்டைப் புத்தகங்கள். கைபிடி எங்கே என்று எனக்கே தெரியவில்லை. "வடிவாயிருக்கு" என்று பதில் போட்டுவிட்டு அன்று முழுக்க மனைவியோடு எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். காரணமில்லாமல் கத்துகிறேன் என்றாள் அவள். காரணம் இருந்தது. அதை எழுதிப் பார்க்கிறேன்.

மன்னார்க் கரையில் பிறந்து, ஜேர்மனியில் வெதுப்பகம் ஒன்றில் மாப் பிசைந்து, பிறகு லண்டன் வந்து எட்மண்டனில் குடியேறினவன் நான். முதியோர் இல்லத்தில் உதவியாளாகத் தொடங்கி, பரீட்சையில் ஒருதரம் கோட்டைவிட்டு, மறுதரம் தேறித் தாதியானேன். ஆண் தாதி என்றால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு தங்கள் முழங்கால் நோவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். படிப்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையில் நான் வேலை பழகியது வடலண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் மறதி நோய் வாட்டில், எங்கள் சிஸ்ரரிடம்தான்.

சிஸ்ரர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை, வாட்டுக்குப் பொறுப்பான மூத்த தாதி. கிரெனடாத் தீவிலிருந்து சின்ன வயதில் வந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் ஒவ்வொருவராக நழுவிவிடுவோம். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனாலும் இத்தனை வருடம் கழித்து என் நினைவில் அவரும் மற்றவர்களும் எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறார்கள். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாட்டில் பெரிய வேலை மருந்து கொடுப்பதல்ல, கதவுதான். பின்னேரமானால் நோயாளர்கள் ஒவ்வொருவராகக் கதவடிக்கு வருவார்கள். ஒருவருக்கு வீட்டுக்குப் போகவேண்டும், இன்னொருவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, மற்றவர் எப்போதோ வளர்ந்துவிட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரவேண்டும். வேறு இடங்களில் "இருங்கோ, பிறகு போகலாம்" என்று கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். சிஸ்ரரின் வாட்டில் அது நடவாது. நோயாளரின் முன்னால் போய் நிற்கக்கூடாது, பக்கத்தில் கொஞ்சம் பின்தள்ளி நிற்கவேண்டும். அவரைத் தொடக்கூடாது, அவராகக் கை நீட்டினால் மட்டும் பிடிக்கலாம். எங்கே போகிறீர்கள் என்றும் கேட்கக்கூடாது.

"அது தெரியாமத்தானே அந்த மனுசன் பயந்துபோய் நிக்குது. என்ன கொண்டுபோகவேணும் எண்டு கேளுங்கோ. அதுக்கு மறுமொழி இருக்கும்," என்பார்.

இருக்கத்தான் செய்தது. பஸ் ஓட்டி, வேலையிலிருந்து இளைப்பாறிய ஒருவர் ஒவ்வொரு நாளும் கதவை உதைப்பார். என்ன கொண்டுபோகவேண்டும் என்று கேட்டபோது உடனே, "சாப்பாட்டுப் பெட்டி," என்றார். ஒரு தகரப் பெட்டியில் சான்ட்விச் வைத்துக் கொடுத்தோம். அதை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இரவுச் சாப்பாடு வரைக்கும் தன் ஷிப்டைச் செய்து முடித்தார். உதைப்பது நின்றுபோயிற்று.

ஒரு இலையுதிர்காலத்தில் தெரெசித்தா எங்களிடம் வந்தார். பிலிப்பைன்ஸ்காரர். இளம்வயதில் லண்டன் வந்து ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்தே காலம் கழித்தவர். குள்ள உருவம். காலையில் வாட்டில் உள்ள கட்டில்கள் எல்லாவற்றையும் விரித்து, மூலைகளை மடித்துச் செருகிவிடுவார். படுத்திருக்கிற ஆட்களையும் சேர்த்துச் செருகிவிடுவார் என்று நாங்கள் பகிடி விடுவோம். ஆங்கிலம் மெல்ல மெல்ல விட்டுப்போக, தன் தீவுப் பாஷைதான் வாயில் வந்தது. மகள் மாரிசெல் பள்ளிக்கூட உதவியாசிரியை. எட்மண்டனில்தான் வீடு. நாள் தவறாமல் பஸ் பிடித்து வருவாள். என்னைக் கூயா என்று கூப்பிடுவாள். கூயா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணை. தாய்க்கு அவளைத் தெரியவில்லை. யாரோ நல்ல பிள்ளை என்ற அளவில் சிரிப்பார்.

பின்னேரம் தேநீர் வண்டி வரும்போது அதன் சின்ன மணியை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் தெரெசித்தா கதவுக்கு ஓடுவார். நான் பக்கத்தில் போய், என்ன கொண்டுபோகவேண்டும் என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டி, மிச்சமிருந்த ஆங்கிலத்தில், "ஒண்டும் வேண்டாம். கை வெறுமையா இருக்கவேணும்," என்றார். பிறகு கதவை இடித்தார். தெரியாமல் யாராவது முன்னால் வந்துவிட்டால் அடித்தார், கடித்தார். என் மணிக்கட்டிலும் ஒருநாள் பல் பதிந்தது. "சிம்பாஹான், சிம்பாஹான்" என்று விடாமல் சொல்லுவார். மாரிசெல்லிடம் கேட்டோம். தேவாலயம் என்றாள்.

எங்களுக்குச் சந்தோசம். இவ்வளவுதானா என்று நினைத்தோம். சிஸ்ரரும் கத்தோலிக்கர், நானும் கத்தோலிக்கன். பதற்றப்படுகிற ஒரு பழங்கால மனுசிக்குக் கோயிலைவிட ஆறுதல் வேறெங்கே கிடைக்கும்? ஆஸ்பத்திரியின் சிற்றாலயத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்னை முந்திக்கொண்டுதான் வந்தார். உள்ளே போனதும் முழந்தாளிடுவார் என்று பார்த்தால், குனிந்து வாங்குப் பலகைகளுக்குக் கீழே தேடினார். யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முன்வரிசையில் வேறு வாட்டிலிருந்து வந்த கிழவர் ஒருவர் செபித்துக்கொண்டிருந்தார். தெரெசித்தா அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அந்த மனிதர் விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்தது.

அதற்குப் பிறகு கூட்டம் போட்டார்கள். கிழவரின் வீட்டார் முறைப்பாடு செய்திருந்தார்கள், அதில் பிழை சொல்ல ஏலாது. தெரெசித்தாவை லண்டனுக்கு வெளியே, இன்னும் இறுக்கமான பூட்டுப் போட்ட விடுதி ஒன்றுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. அங்கே மருந்தைக் கூட்டிப் படுக்க வைத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மாரிசெல்லுக்கும் தெரியும். "அவ்வளவு தூரம் நான் எப்பிடி ஒவ்வொரு நாளும் போறது? அம்மா அங்க தனியச் செத்துப்போவா," என்றாள். வைத்தியர் நல்லவர். அவருக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. சிஸ்ரர் கொஞ்ச நாள் தவணை கேட்டார், வைத்தியர் கொடுத்தார்.

கூட்டம் முடிந்ததும் சிஸ்ரர் மாரிசெல்லைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "அம்மான்ர ஊர் எப்பிடி இருக்கும்? சொல்லும் பாப்பம்," என்றார்.

"நான் இஞ்ச பிறந்தனான். சின்னனில ஒருக்காத்தான் போனது. கடல், ஒரு பழைய கோயில், நல்ல மாம்பழம். வேற ஒண்டும் ஞாபகமில்லை."

"கோயில் எந்தப் பக்கம்? கடல் எந்தப் பக்கம்? மேடு எங்க, பள்ளம் எங்க? ஊரில ஆரும் இருந்தாக் கேட்டுச் சொல்லும்."

தாயின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இன்னும் அந்த ஊரில் இருந்தார். படகு எஞ்சின் திருத்தி இளைப்பாறியவர். எங்களுக்குக் காலை, அவர்களுக்குப் பின்னேரம். சிஸ்ரரின் மேசையில் மாரிசெல்லின் கைத்தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அந்தக் கிழவர் தன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தார். அவர் சொல்லச் சொல்ல மாரிசெல் எங்களுக்குச் சொன்னாள்.

கிழக்கே கடல். மேற்கே மலையிலிருந்து இறங்குகிற ஆறு ஊருக்குப் பின்புறமாக வந்து, வளைந்து, வடக்கே கடலில் விழுகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நாக்கு மாதிரி நீண்ட மணல் தரைதான் ஊர். சந்தை, பள்ளிக்கூடம், தகரக் கூரை வீடுகள். ஆற்றைக் கடக்க ஒரே ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் தென்னைகள் ஏறிப்போகிற மலை. நாக்கின் நுனியில், எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில், தேவாலயம்.

அது முருகைக்கல்லால் கட்டியது. எங்கள் மன்னார்ப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் இருக்கிற அதே கடற்கல். சுவர்களின் தடிப்பைப் பார்த்துச் சிஸ்ரர், "இது கோயிலோ கோட்டையோ?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றார் கிழவர். ஸ்பானியர் காலத்தில் தெற்கேயிருந்து, காற்று வாய்க்கிற மாதங்களில், ஆள்பிடிகாரர்கள் படகுகளில் வருவார்களாம். அகப்பட்டவர்களை அடிமைகளாக விற்பார்களாம். அதனால்தான் குருமார் தேவாலயத்தைக் கரையிலேயே கட்டி, பக்கத்தில் காவல் கோபுரமும் எழுப்பினார்கள். கோபுரத்தில் நிற்பவன் படகுப் பாய்களைக் கண்டால் மணியை விடாமல் அடிப்பான். ஊர் முழுக்கத் தேவாலயத்துக்குள் ஓடிப்போய்க் கதவைத் தாழ்போடும். அந்தச் சுவர்கள் எத்தனையோ தலைமுறையைக் காப்பாற்றின. பிறகு ஆள்பிடிகாரர்கள் வராமல் போனார்கள், கோபுரமும் இடிந்தது. ஆனால் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. மணி விடாமல் அடித்தால் எதையும் யோசிக்காதே, கோயிலுக்கு ஓடு.

கிழவர் நடந்து பாலத்தடிக்கு வந்தார். அங்கே நின்றுகொண்டுதான் மிச்சத்தைச் சொன்னார்.

தெரெசித்தாவுக்குத் தம்பிமார் இரண்டு பேர். நோனோய், டோடோங் என்று செல்லப் பெயர். தாய் செத்தபிறகு அவர்களைத் தூக்கி வளர்த்தது இவர்தான். ஒருநாள், சின்னவர்களை வீட்டில் விட்டுவிட்டு, தகப்பனோடு மலைக்குத் தேங்காய் பொறுக்கப் போனார். போகுமுன், மணி அடித்தால் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு கோயிலுக்குப் போங்கள், எனக்காகப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார். அன்று சூறாவளி வந்தது. கடல் வீங்குவதைக் கண்டு யாரோ கோயில் மணியை விடாமல் அடித்தார்கள். மலைக்கு ஓடுங்கள் என்பதற்காகத்தான் அடித்தார்கள். ஊர்ச்சனம் பழகின வழக்கப்படி கோயிலுக்குள் போனது. பிள்ளைகளும் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் அங்கேதான் முதலில் வந்தது.

மணிச்சத்தம் கேட்டு மலையிலிருந்து ஓடிவந்த தெரெசித்தாவைப் பாலத்தில் ஆண்கள் சிலர் பிடித்துக்கொண்டார்கள். அவர் அடித்தார், கடித்தார். அவர்கள் விடவில்லை. "நானும் பிடிச்சனான்," என்றார் கிழவர். "விட்டிருந்தா அவளும் போயிருப்பாள். எண்டாலும் அதுக்குப் பிறகு அவள் என்னோட கதைக்கேல்லை." சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கடல் பக்கம் திருப்பினார். அமைதியான, வெள்ளி நிறக் கடல்.

மாரிசெல்லுக்கு இந்த இரண்டு மாமன்மார் இருந்ததே தெரியாது. அவள் மொழிபெயர்ப்பதை எப்போது நிறுத்தினாள் என்று நாங்கள் கவனிக்கவில்லை. கடைசிப் பகுதியை அழுகைக்குப் பிறகுதான் சொன்னாள். எங்கள் பக்கத்திலும் சண்டைக்காலத்தில் ஷெல் விழத் தொடங்கினால் சனம் எங்கே ஓடும்? கோயிலுக்குத்தான். தடித்த சுவர், பெரிய கதவு, மேலே மாதா. நானும் அப்படி ஓடினவன்தான். நாங்கள் ஒதுங்கின கோயிலில் ஷெல் விழவில்லை என்பதைத் தவிர எனக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் ஒன்றும் கிடையாது.

சிஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. "அன்ரன், நாங்கள் எல்லாரும் அந்தப் பாலத்திலதான் நிண்டு மறிக்கிறம்," என்று என்னிடம் சொன்னார். "அவ ஒருநாளாவது அங்க போய்ச் சேரவேணும்."

அன்றைக்கே தேநீர் வண்டியின் மணியைக் கழற்றிவிட்டார். பிரயோசனமில்லை. அந்த மணி தெரெசித்தாவின் தலைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்து சிஸ்ரர் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியை அளந்தார். வாட்டுக் கதவுக்கு வெளியே நீண்ட நடைகூடம். அதன் முடிவில் உடற்பயிற்சிச் சிகிச்சை அறை, பெரிய இரட்டைக் கதவு, பின்னேரத்தில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். அதைத் தாண்டினால் சக்கரநாற்காலிகள் ஏறுகிற சரிவுப் பாதை, மேலே மொட்டைமாடியில் சின்னப் பூந்தோட்டம். "இது கோயில், அது மலை," என்றார். யார் யாரிடமோ பேசி அனுமதி வாங்கினார். அந்த நேரத்தில் நடையில் யாரும் எதிரே வராமல் பார்த்துக்கொள்ள ஆள் நிறுத்தினார்.

முதல் நாள் நான் கதவடியில் பூட்டைத் திறக்கிற அட்டையோடு தயாராக நின்றேன். தெரெசித்தா வந்து கையை ஓங்கினார். இடிக்குமுன் கதவு திறந்துகொண்டது. அவர் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். வழிவிடுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஓடினார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடுவதை நான் கண்டதில்லை. பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி, நானும் ஓடினேன். இரட்டைக் கதவைத் தள்ளி உள்ளே போனார். மெத்தைகளும் பிடிகம்பிகளும் கிடந்த அந்த அறையைப் பார்த்து, "நோனோய், டோடோங்," என்று கூப்பிட்டார். குனிந்தார். இரண்டு கைகளையும் தாழ்த்தி, விரல்களை மடித்து, எதையோ இறுகப் பற்றினார். திரும்பி நடந்தார்.

ஓடிவந்தவர் இப்போது மெல்ல நடந்தார். சின்னக் கால்களுக்கு ஏற்ற மாதிரி அடியைக் குறைத்து வைத்தார். அதைக் கண்டதும் என்னால் தாங்க முடியவில்லை, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். சரிவில் ஏறி, தோட்டத்து வாங்கில் தன் இரு பக்கமும் இடம்விட்டு நடுவில் இருந்தார். சட்டைக் கையால் வெறும் காற்றில் இரண்டு மூக்குகளைத் துடைத்தார். லண்டன் கூரைகளைக் கடலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். "வந்திட்டினம் எண்டு சொல்லுறா," என்றாள் பின்னால் நின்ற மாரிசெல்.

அன்றிரவு அவர் ஒருவரையும் அடிக்கவில்லை. மருந்து கூட்டவில்லை. மறுநாள் பின்னேரம் எல்லாம் மறந்து மறுபடி கதவுக்கு வந்தார், மறுபடி திறந்தோம். அப்படியே ஒவ்வொரு நாளும். அடுத்த கூட்டத்தில் வைத்தியரே விடுதிக் கதையைக் கைவிட்டார். வாட்டில் எல்லாருக்கும் சந்தோசம். மாரிசெல்லுக்கு மட்டும் அது முழுச் சந்தோசமாக இல்லை.

ஒருநாள் நடையில் வைத்துச் சொன்னாள். "கூயா, சின்னனில பள்ளிக்கூடத்தால பிறைற்றன் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். அம்மா என்னை விடேல்லை. ஒருநாளும் கடலுக்குக் கிட்ட விடேல்லை. நான் எவ்வளவு சண்டை பிடிச்சன், எவ்வளவு கூடாத கதையெல்லாம் சொன்னன். ஏன் எண்டு அவ வாய் திறக்கேல்லை." கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "இப்ப அந்த ரெண்டு பேரையும் தெரியுது. என்னைத் தெரியேல்லை. செத்த பிள்ளையளோட பொறாமைப்படுறன், பாருங்கோ."

அன்று நான் அவளோடு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்தேன்.

குளிர்காலம் முழுக்க அந்த ஓட்டம் நடந்தது. பிறகு தெரெசித்தாவின் ஓட்டம் நடையானது. இடையில் நின்று, எதற்காக வந்தோம் என்று யோசிப்பார். பெயர்களில் ஒன்று தட்டுப்படாமல் போகும். கட்டில் விரிப்பதையும் விட்டுவிட்டார். ஒரு பின்னேரம் தேநீர் வந்தது, போனது. அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, சாந்தமாக இருந்தார். புதிதாக வந்திருந்த தாதி ஒருத்தி, "இண்டைக்கு எவ்வளவு அமைதி," என்று மகிழ்ந்தாள். சிஸ்ரர் என்னைப் பார்த்தார்.

மாரிசெல் வேலை முடிந்து வந்து, தாயின் முன்னால் குந்தியிருந்தாள். "அம்மா, நேரமாச்சு. போவமா?"

தெரெசித்தா சிரித்தார். ஹோட்டலில் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்திருப்பாரே, அப்படி ஒரு மரியாதைச் சிரிப்பு.

"நோனோயும் டோடோங்கும் கோயிலுக்குள்ள நிக்கினம் அம்மா."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு மிகவும் இரக்கமாக, "பாவம், ஆரின்ர பிள்ளையள்?" என்று கேட்டார்.

அவரை அந்தப் பாலத்திலிருந்து விடுவிக்கத்தான் நாங்கள் அவ்வளவு பாடுபட்டோம். கடைசியில் அந்த நோயே அவரை விடுவித்தது. பிள்ளைகள் இருவரும் உள்ளே நின்றுவிட்டார்கள். உலகத்தில் அவர்களுக்காக ஓடிவர இனி ஒருவரும் இல்லை என்று நான் நினைத்தேன்.

மாரிசெல் தாயின் கையைத் தடவிக்கொடுத்தாள். "எங்கட பிள்ளையள், அம்மா. நீங்கள் இருங்கோ. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்," என்றாள். கைப்பையைத் தாயின் மடியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு கதவடிக்கு வந்து நின்றாள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.